வேஸ்ட் கிளிக்

பிலிம் ரோல் காலத்தில் கேமரா வைத்திருந்த வீடுகளுக்கு இது தெரியும். புது ரோலைப் போட்டுப் பின்மூடியைச் சாத்தியதும் முதல் இரண்டு மூன்று கிளிக்கை எங்கேயாவது பார்த்துச் சும்மா அடித்துத் தள்ளவேண்டும். மூடி திறந்திருந்தபோது வெளிச்சம் பட்டுவிட்ட பிலிம் அது, அதில் என்ன எடுத்தாலும் ஒழுங்காக வராது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் வேஸ்ட் கிளிக். அப்பாவிடம் ஒரு யாஷிகா எம்.எஃப்-2 இருந்தது. சுவரைப் பார்த்து ஒன்று, தரையைப் பார்த்து ஒன்று அடித்துவிட்டு, கேமராவின் எண்ணிக்கைக் கண்ணாடியில் 1 என்ற எண் வந்துவிட்டதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் "ம், எல்லாரும் வந்து நில்லுங்க" என்பார். நிற்போம். அப்புறம் வரும் 36 படத்திலும் நின்றுகொண்டேதான் இருப்போம், கையைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, சிரித்துத் தொலைத்தால் ஒரு படம் வீணாகிவிடுமே என்ற பயத்தில்.

மாமா கல்யாணத்துக்குப் போட்ட ரோலில், சுவருக்கென்று அடித்த வேஸ்ட் கிளிக் ஒன்று கொஞ்சம் தள்ளிப்போய் அம்மா மேல் விழுந்துவிட்டது. அயனாவரம் வீட்டின் நடு அறை. அம்மா சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு தங்கைக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கிறார். சிவப்பு ரிப்பனின் ஒரு முனை கட்டைவிரலில் சுற்றியிருக்கிறது. பின்னலை இழுத்த இழுப்பில் தங்கையின் முகம் கூரையைப் பார்க்கிறது, ஒரு கண் இறுக மூடியிருக்கிறது. படத்தின் இடது பாதி ஆரஞ்சு நிறத்தில் எரிந்துபோயிருக்கும். லேப்காரர் அதையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட, "இதுக்கும் சேர்த்துக் காசு வாங்கிட்டான் பாரு" என்று அப்பா ஒரு வாரம் புலம்பினார். வீட்டில் நான்கு ஆல்பம் இருக்கிறது. அம்மா ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருக்கும் படம் அது ஒன்றுதான். மற்றதில் எல்லாம் நின்றுகொண்டிருக்கிறார்.

இப்போது சென்னையில் கல்யாணம் என்றால் போட்டோ பேக்கேஜில் நான்கு வரி இருக்கும்: டிரடிஷனல் போட்டோ, டிரடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. கேண்டிட் என்றால் போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது, அதற்குத்தான் காசு அதிகம். போன வருடம் வளசரவாக்கத்தில் ஒரு ரிசப்ஷன், மாடிப்படி ஓரத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்திவைத்து கேண்டிட்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "சார், மேடம் காதுல ஏதோ ஜோக் சொல்ற மாதிரி. மேடம், நீங்க வெட்கப்பட்டுக் கீழே பாருங்க. கேமராவைப் பார்க்கவே பார்க்காதீங்க. சூப்பர், இன்னொரு தடவை." அந்த ஜோக் ஆறு தடவை சொல்லப்பட்டது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது, ஆல்பத்தில் அந்தப் பக்கம் இல்லையென்றால் பெண் வீட்டார்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் அது அப்பாவின் "வந்து நில்லுங்க"தான், தலையை மட்டும் கொஞ்சம் திருப்பிவைத்திருக்கிறார்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். பதினைந்து வருடமாகச் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குச் சம்பளமில்லாத போட்டோகிராபர். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், ஆடி மாதமும் மார்கழியும் தவிர எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். கேண்டிட் என்றால் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்து எடுப்பது என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். பெரிய ஜூம் லென்ஸை வாங்கி, தூணுக்குப் பின்னால் நின்று, இருபது அடி தூரத்திலிருந்து முகம் முகமாக அடித்தேன். வந்த படங்களைப் பார்த்தால் துப்பறியும் ஆபீசிலிருந்து வந்த ரிப்போர்ட் மாதிரி இருந்தது. யார் யாரிடம் பேசுகிறார்கள், ஏன் சிரிக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. முகம் மட்டும் தனியாக மிதக்கும். பக்கத்தில் இருந்தவன் பக்கத்திலிருந்து எடுத்த படம் அப்படி இருக்காது.

எரிக் சலோமோன் என்று ஒரு ஜெர்மன்காரர். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 1920களின் கடைசியில் பத்திரிகைப் படம் எடுக்க வந்தார். எர்மனாக்ஸ் என்ற சின்னக் கேமரா, கண்ணாடித் தட்டில்தான் படம் விழும், ஆனால் அந்தக் காலத்துக்கு அசாத்தியமான லென்ஸ், ஃப்ளாஷ் இல்லாமல் அறைக்குள்ளேயே எடுக்கலாம். பெர்லினில் ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தொப்பிக்குள் கேமராவை ஒளித்துவைத்து எடுத்தார் என்ற கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அவருடைய கோட்டுதான் முக்கியமாகப் படுகிறது. நாட்டுத் தலைவர்களும் அமைச்சர்களும் கூடும் விருந்துகளுக்கு அவரும் அவர்களைப் போலவே விருந்துக் கோட்டு போட்டுக்கொண்டு, அவர்கள் பேசும் மொழிகளைப் பேசிக்கொண்டு, அவர்களில் ஒருவராகப் போய் உட்கார்ந்துவிடுவார். நள்ளிரவு தாண்டி நாற்காலியில் சரிந்து தூங்கும் மந்திரிகள் அவருக்குக் கிடைத்தது அப்படித்தான். 'கேண்டிட் கேமரா' என்ற சொல்லே லண்டன் பத்திரிகை ஒன்று அவர் படங்களுக்கு வைத்த பெயர்தான். யூதர் என்பதால் 1944இல் அவரை ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

ஆகவே கறுப்பு டீ-ஷர்ட்டும் ஆறு பாக்கெட் பேண்ட்டும் வேண்டாம். வேட்டி கட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், பக்கத்து இலைக்காரர் "வடை இன்னொண்ணு வைக்கச் சொல்லுப்பா" என்று உங்களிடம் சொல்லிவிட்டால் அதன் பிறகு அவரை எப்படி எடுத்தாலும் அவர் கண்டுகொள்ளமாட்டார். நான் பந்தி பரிமாறியும் இருக்கிறேன். கழுத்தில் கேமரா, கையில் அப்பளக் கூடை.

முதல் அரை மணி நேரம் யாரும் உங்களை விடமாட்டார்கள். கேமராவைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும், முந்தானை சரியாகும், பெரியப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். இரண்டு அண்ணிகள் தோளோடு தோள் உரசி நின்று "எங்களை ஒண்ணு எடு" என்பார்கள். இங்கேதான் புதிதாக எடுக்கிறவர்கள் "இல்லைங்க, நீங்க சாதாரணமா இருங்க" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். சாதாரணமாக இரு என்று சொன்னபின் எவனால் சாதாரணமாக இருக்க முடியும்? கேட்டவர்களையெல்லாம் கேட்டபடி எடுத்துக் கொடுங்கள். திரையில் காட்டுங்கள். "கழுத்துல சங்கிலி தெரியலையே" என்றால் இன்னொன்று எடுங்கள். ஐம்பது படம் போகட்டும். அப்பா சுவரைப் பார்த்து அடித்தாரே, அதேதான் இதுவும். வெளிச்சம் பட்ட பிலிம் தீர்ந்து நல்ல பிலிம் வருகிற மாதிரி, ஆட்களுக்குள் இருக்கும் கூச்சம் முதலில் சுற்றித் தீரவேண்டும். மண்டபத்துக்கு எத்தனை மணிக்குப் போவது என்று என்னைக் கேட்டால், எடுக்க நினைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு என்பேன்.

அப்புறம் எங்கே நிற்பது. மேடையில் நிற்காதீர்கள், அங்கே ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள், கிரேன் கேமரா வேறு தலைக்கு மேல் போய்வந்துகொண்டிருக்கும். மேடைக்கு ஏறும் வரிசையின் வால் பக்கம் போங்கள். மொய்க் கவரில் பெயர் எழுத மறந்து, பக்கத்தில் நிற்கிறவரிடம் பேனா கடன் வாங்கி, மனைவியின் முதுகை மேஜையாக்கி எழுதுகிறவர் அங்கே இருப்பார். பந்தியில் சாப்பிடுகிறவர்களை விடுங்கள், அவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம்பிடித்து நிற்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். மோர்சாதத்துக்கு வந்துவிட்டாரா இல்லையா என்று இலையையே எட்டிப் பார்க்கும் அந்தப் பொறுமையின்மை, ஆனால் பார்க்காத மாதிரி ஒரு நடிப்பு. கை கழுவும் இடம். பெடஸ்டல் ஃபேனுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, யார் வந்தாலும் நகராத தாத்தா. நாற்காலி வரிசைகளுக்கு அடியில் தவழ்ந்து போகும் பிள்ளைகள், அவர்களை எடுக்கவேண்டுமானால் நீங்களும் தரையில் உட்காரவேண்டும், வேட்டி அழுக்காகும், பரவாயில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது குரூப் போட்டோ கலையும் நேரம். மேடையில் முப்பது பேரை அடுக்கி, "பெரியவங்க முன்னாடி வாங்க, அந்த பச்சைச் சட்டை கொஞ்சம் உள்ளே வாங்க" என்று ஐந்து நிமிடம் படுத்தி, ஒன் டூ த்ரீ சொல்லி, ஃப்ளாஷ் அடித்து முடிந்ததும் போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிடுவார். நீங்கள் அப்போதுதான் தூக்கவேண்டும். அடக்கிவைத்த மூச்சு முப்பது பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் வெளியே வரும். இறுக்கியிருந்த வயிறு தளரும், யாரோ யாரையோ கிள்ளுவார்கள், குழந்தையைத் தூக்கிவைத்திருந்த மாமா அதை இடம் மாற்றுவார், மதனி திரும்பி நாத்தனாரின் பூவைச் சரிசெய்வார், பின்வரிசையில் நின்ற ஒருவர் ஸ்டூலிலிருந்து இறங்க முன்வரிசைக்காரரின் தலையைப் பிடித்துக்கொள்வார். மூன்று நொடி, நான்கு நொடி, அவ்வளவுதான். நான் மேடைக்குப் பக்கவாட்டில், போட்டோகிராபருக்கு இரண்டு அடி பின்னால் நின்றுகொள்வேன். அவர் எடுக்கும்போது எடுக்கமாட்டேன். ஒருமுறை ஒரு போட்டோகிராபர் என்னிடம் "என்ன சார், நான் முடிச்சதும் ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார். காட்டினேன். அடுத்த குரூப்பில் அவரும் கேமராவை இறக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

கேமரா சமாச்சாரம் கொஞ்சம். 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், ஜூமை வீட்டில் வைத்துவிடுங்கள். லென்ஸின் திறப்பு எஃப் 1.8 வரை போகிறதே என்று முழுக்கத் திறந்துவைத்தால் பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் மங்கிப்போவார். கேட்கிறவர் முகம்தான் பல நேரம் படம், அதனால் 2.8, 4 என்று வைத்துக்கொள்வேன். வெளிச்சத்துக்கான உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 6400 வரை போகட்டும், புள்ளி புள்ளியாக வந்ததற்காக எந்த அத்தையும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. ஷட்டரில்தான் மண்டபம் வம்பு செய்யும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் டியூப்லைட்டும் பல எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டரை 1/250 நொடிக்கு வைத்து எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றினால் இன்னும் மோசம், சேலையில் இல்லாத பார்டரெல்லாம் வரும். 1/100 வைத்தால் ஒரு முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். மலிவான அலங்கார விளக்குகளிடம் இதுவும் பலிக்காது, அங்கிருந்து நகர்ந்துவிடுவதுதான் வழி. 1/100இல் ஆடும் கை கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும்.

இன்னொன்று சென்னைக்கே உரியது. ஏ.சி. காரிலிருந்தோ மணமகள் அறையிலிருந்தோ நேரே சமையல்கட்டுக்குப் போனால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும், ரசம் கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். துடைக்கத் துடைக்க வரும். பையின் ஜிப்பைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு எடுங்கள். மறந்துபோய் ஒரு முகூர்த்தத்தில் பெண் அழைத்து வந்ததைப் பூராவும் பாலுக்குள் முக்கியெடுத்த மாதிரி எடுத்துவைத்திருக்கிறேன். ஃப்ளாஷ் போடுவதே இல்லை. காலை முகூர்த்தமாக இருந்தால் கிழக்கு ஜன்னல் எது என்று பார்த்துவைத்துக்கொள்வேன். ஹோமப் புகைக்குள் அந்த வெயில் சாய்வாக இறங்கும் பத்து நிமிடத்துக்காகக் கண்ணெரிச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். போனில் எடுப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: கேமராவைத் திறந்தவுடன் இருக்கும் அகலமான காட்சியை விட்டுவிட்டு 2x வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் நிற்கிறவர் முகம் பூசணிக்காயாக இழுபடாது.

எடுத்தது போதும், கொடுத்ததைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு வளைகாப்பில் பெரிய அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கலந்த சாதம் ஐந்து வகை, அதில் புளியோதரையைப் பெரிய கவளமாக எடுத்து வாயருகே கொண்டுபோகும்போது எதிரே யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பை அடக்கமுடியாமல் கவளம் அந்தரத்தில் நின்றது. அற்புதமான படம், இப்போதும் சொல்வேன். அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். 64 பேர் இருக்கும் குரூப். யாரோ ஒரு பையன் அதை ஸ்டிக்கராக்கி, யார் என்ன சொன்னாலும் அத்தையை அனுப்ப ஆரம்பித்தான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. குரூப்பிலிருந்து வெளியேறினார். பொங்கலுக்குப் போனபோது என்னைப் பார்த்து, "வாப்பா, உட்காரு" என்றார். எப்போதும் "வாடா" என்பவர். அந்த 'ப்பா' என்னைக் கொன்றுவிட்டது. மன்னிப்பெல்லாம் கேட்டேன், "அதுக்கென்ன, நீ படம் எடுக்கிறவன், எடுத்தே" என்று காபி கொடுத்தார். மறுபடி 'டா' வர ஒன்றரை வருடம் ஆனது.

அதிலிருந்து சாப்பிடும் வாயை எடுப்பதில்லை, குழந்தைக்குப் பால் கொடுக்கும் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை, அழுகிறவர்களை எடுத்தால் அவர்களைத் தவிர யாருக்கும் காட்டுவதில்லை. குரூப்பில் போடுவதையும் நிறுத்திவிட்டேன். அவரவர் படத்தை அவரவருக்குத் தனியாக அனுப்புகிறேன், பெரியவர்களுக்குப் பிரிண்ட். அவர்களே குரூப்பில் போட்டுக்கொண்டால் அது அவர்கள் இஷ்டம். முன்னாலேயே கேட்டுவிட்டு எடுக்கலாமே என்பார்கள் சிலர். கேட்டால் நின்றுவிடுவார்கள், அதுதான் பிரச்சினையே. எடுத்துவிட்டுக் காட்டுகிறேன், முகம் சுளித்தால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழிக்கிறேன். நல்ல படங்கள் சில அப்படிப் போயிருக்கின்றன.

கடைசியாகத் தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் கொட்டும் அந்த நொடியில் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது என் வழக்கம். தாலியை ஏழு கேமரா எடுத்துக்கொண்டிருக்கும், நாதஸ்வரக்காரருக்கே அதுகள் மறைத்து எதுவும் தெரியாமல் யாரோ கையைத் தூக்கி ஆட்டினால்தான் தவில் ஆரம்பிக்கும். ஆனால் திரும்பிப் பார்த்தால், மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். உங்களை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லார் கையும் மேலே. தன் கல்யாணத்தை நினைத்துக்கொள்கிறவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே எம்பிப் பார்க்கிறவர், அட்சதையைக் கிரிக்கெட் பந்து மாதிரி வீசுகிற பையன். 1/100இல் அரிசி மணி மணியாகத் தெரியாது, மஞ்சள் கோடுகளாக விழும், மழை மாதிரி.

மூன்று வருடத்துக்கு முன்பு வில்லிவாக்கத்தில் தம்பி முறையுள்ள ஒருவன் கல்யாணத்தில் அப்படித் திரும்பி எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால், கடைசி வரிசைக்கும் பின்னால், தூணை ஒட்டி என் சித்தி நின்றிருந்தார். சித்தப்பா போய் அப்போது நான்கு வருடம். மேடைப் பக்கம் வரவேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், எங்கள் வீட்டில் இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவரே போய் அங்கே நின்றுகொண்டிருக்கிறார். கையைத் தூக்கியிருக்கிறார், மற்ற எல்லாரையும்விட உயரமாக. விரல்கள் விரிந்திருக்கின்றன. அவர் கையிலிருந்து கிளம்பிய கோடுகள் மேடை வரைக்கும் போகவே இல்லை, மூன்று வரிசை தாண்டி நாற்காலி மேல் ஏறி நின்ற ஒரு பெண் குழந்தையின் தலையில் முடிந்துவிடுகின்றன.

இந்தப் படத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஏழெட்டு மாதம் வைத்திருந்தேன். யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் சித்தி வருத்தப்படுவார், காட்டாமல் அழித்தால் அதுவும் ஒரு மாதிரி. அப்புறம் ஒருநாள் சின்னதாகப் பிரிண்ட் போட்டு ஒரு பழைய கவரில் வைத்து எடுத்துப்போனேன். சித்தி கொரட்டூரில் மகனோடு இருக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் பிடித்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"இந்தப் புடவை இப்போ உன் தம்பி பொண்டாட்டிகிட்ட இருக்கு" என்றார் முதலில். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்து அந்தக் குழந்தையிடம் நிறுத்தினார்.

"அடப்பாவி, இது யாரு பொண்ணுடா? தலை பூரா நான் போட்ட அரிசி!"